நெருப்பில்லாமல் பொங்கிய குண்டா

காஸ்டிக் சோடா டிரம்மின் குழாய் உடைந்து கையோடு வந்துவிட்டது. சாயப்பட்டறை ஸ்டோருக்குப் பொறுப்பாக இருந்த நான், பரிசுக் கோப்பை வாங்கியவன்போல அதைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. காஸ்டிக் ஓடிய பக்கம் ஏற்றுமதிக்காக வெளுத்து வைத்த துணி. வேறு யாராயிருந்தாலும் துணியை நகர்த்தியிருப்பார்கள். நான் கேன்டீன் வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த அலுமினியக் குண்டாவைத் தூக்கிவந்து, ஒழுகும் இடத்துக்கு அடியில் வைத்தேன். வைத்துவிட்டுச் சுற்றிலும் பெருமையாக ஒரு பார்வை வேறு.

காஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் எனக்குப் பதற்றம் வந்தால் என் படிப்பு எனக்கு முன்னால் ஓடிவிடும். அடுப்பும் இல்லை, விறகும் இல்லை. குண்டா முதலில் முணுமுணுத்தது, பிறகு நுரைத்தது, பிறகு உலைபோலக் கொதித்து ஆவி கக்கியது. நான் எடுத்த ஓட்டத்தில் ஒரு செருப்பு அங்கேயே தங்கிவிட்டது. கேட் வரை போய், திறந்துவிடச் சொல்லி வாட்ச்மேனிடம் கெஞ்சினேன். கேட் திறந்துதான் இருந்தது.

கல்யாணப் பந்தியிலும் காதுகுத்திலும் நான் சொல்லும் கதை இதுவரைதான். கேட் திறந்திருந்த இடத்தில் சிரிப்பு நிச்சயம்.

கதையில் நான் விட்டுவிடுவது கேன்டீன் அக்காவை. கம்பெனிப் பாத்திரம் போதாமல், குண்டடம் என்ற ஊரிலிருக்கும் தன் வீட்டிலிருந்து அவர் கொண்டுவந்த குண்டா அது. நான் வெளியே ஓடியபோது அவர் உள்ளே ஓடியிருக்கிறார். கிளம்புகிற வாயு தீப்பிடிக்கும், பாய்லரை அணையுங்கள் என்று, சாயம் போடுவதைப் பார்த்துக்கொள்ளும் டையிங் மாஸ்டர் கத்திக்கொண்டிருந்தாராம். அக்கா குண்டாவின் விளிம்பைப் பிடித்துத் தூக்கிவிட்டார். நுரை வலக்கையில் சரிந்தது. குழாயடியில் வெகுநேரம் அக்காவின் கையை நீட்டிப் பிடித்துத் தண்ணீர் விட்டவர் மாஸ்டர். நான் திரும்பி வந்தபோது ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது.

மறுநாள் பார்க்கப் போனேன். ஏன் அதைத் தொட்டீர்கள் என்று அவரிடமே கேட்கும் துணிச்சல் எனக்கு இருந்தது.

"பொங்குனா எறக்கி வெச்சுப் பழகுன கைங்க, தம்பி. கீழ அடுப்பு இருக்குதான்னு பாக்கத் தோணுலைங்க" என்றார்.

கடைசி இரண்டு விரல்கள் இன்றும் மடங்காது. மற்ற விரல்களால் கரண்டியைப் பிடித்துத்தான் பரிமாறுகிறார். என் தட்டில் மட்டும் கேட்காமலே இன்னொரு கரண்டி விழும். அதை நான் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவைத்துவிடுவேன்.

இந்த ஆயுத பூஜைச் சாப்பாட்டில், புதிதாகச் சேர்ந்தவர்கள் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, முழுவதையும் சொன்னேன். குண்டா யாருடையது என்பதையும், அந்தக் கையையும். யாரும் சிரிக்கவில்லை. மனசு லேசானதுபோல்கூட இருந்தது, நிமிர்ந்து பார்க்கும்வரை. சாம்பார் வாளியோடு அக்கா வரிசையில் நின்றுகொண்டிருந்தார். பந்தி மொத்தமும் அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் என் இலைக்கு வந்து குனிந்தார்.

"கேட்டு தொறந்திருந்ததோட நிறுத்தியிருக்கலாமுங்க, தம்பி. இத்தன நாளு என்ற கைய யாரும் பாத்ததில்லீங்க."

வாளியையும் கரண்டியையும் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, முந்தானையில் கையைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குள் போனார். பந்தி முடியும்வரை வெளியே வரவில்லை.