பிரனேசியன் படிக்கட்டு

பாதுகாப்புப் புகாரில் குறையை மட்டும் எழுத வேண்டும், வர்ணனை கூடாது என்பது விதி. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அந்தப் புகார்களைப் பதிந்து மேலே அனுப்பும் வேலை எனக்கு. கிரேன் ஓட்டுநர் ஒருவர், பழைய கொதிகலன் கூடத்துப் படிக்கட்டைப் பற்றி ஒரே சொல் எழுதியிருந்தார்: பிரனேசியன். கூப்பிட்டனுப்பினேன்.

"என்னங்க இது?"

"ஒரு ஓவியர் பேர்ல வந்த இங்கிலீஷ் வார்த்தை சார். பாதாளச் சிறையா வரைஞ்சவரு. படி மேல படி, எங்கயும் போய்ச் சேராது."

"துருப்பிடிச்சிருக்குன்னு எழுத வேண்டியதுதானே?"

"மூணு தடவ எழுதினேன் சார். யாரும் வரல. இதுக்கு நீங்களே கூப்பிட்டீங்க பாருங்க."

ஒல்லியான மனிதர். படியேறும்போது தெலுங்கில் எண்ணுவார். என்னையும் ஏற்றினார். "பதமூடு" என்று பதின்மூன்றில் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பதினான்காவது படி இல்லை. அண்ணாந்து பார்த்தேன். சங்கிலிகளுக்கு நடுவே படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருட்டுக்குள் போயின. நான் எழுதிய எந்தக் கோப்புக் குறிப்பும் அவருடைய அந்த ஒற்றைச் சொல் அளவுக்குச் சரியாக இருந்ததில்லை. அதை எங்கே கற்றாரோ.

விதியை மீறி அந்தச் சொல்லை அப்படியே அனுப்பினேன். பொருள் கேட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அவரையும் ஓட்டுநர் எண்ணி ஏற்றினார். ஓட்டுநர் தன் கிரேனுக்குச் சந்தனம் பூசிக்கொண்டிருந்த ஆயுத பூஜையன்றுதான், படிக்கட்டை மூடச் சொல்லிப் பதில் வந்தது.