அக்காவுக்கு இறங்கியது, எனக்கு இறங்கவில்லை

அம்மா ஈரல் கெட்டு, வயிறு வீங்கி இறந்தபோது எங்கள் இருவரையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். அக்காவுக்கும் எனக்கும் ஹெபடைட்டிஸ் பி. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றியதாம். பாளையங்கோட்டையில் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. களக்காட்டில் வாழ்க்கைப்பட்ட அக்காவின் ரத்தத்தில் ஒரே வருடத்தில் கிருமி கண்ணுக்கே அகப்படவில்லை. எனக்கோ பேருக்குக் குறைந்து அப்படியே நின்றுவிட்டது. இப்படியே போனால் ஈரல் சுருங்கும் என்றார் டாக்டர். எனக்கும் அம்மாவின் கதிதானா என்று நடுங்கிப்போனேன்.

அக்கா போனில் பிடித்துக்கொண்டாள். "ஏலே, உண்மையச் சொல்லு. குடிக்கியா?"

"அந்த வாடையே எனக்கு ஆவாதுன்னு ஒனக்குத் தெரியாதா?"

"பின்ன எனக்குக் கேக்குத மருந்து ஒனக்கு ஏம்லே கேக்கல?"

எரிச்சலாக வந்தது. அடுத்த முறை மனைவி, அக்கா எல்லோருமாகப் போனபோது டாக்டரிடம் வெடித்துவிட்டேன். "ஒரே வயித்துல பொறந்தவங்க சார். எனக்கு மட்டும் என்ன கேடு?"

அவர் நிதானமாகச் சொன்னார். ஆரம்பத்தில் எவ்வளவு கிருமி இருந்தது, உடம்பு அதை எப்படி எதிர்க்கிறது, முன்னால் சாப்பிட்ட மருந்துக்குக் கிருமி பழகிவிட்டதா, மாத்திரையை இடையில் விட்டோமா என்று ஆளுக்கு ஆள் ஆயிரம் வித்தியாசம் உண்டாம். பிறகு கேட்டார்: "மாத்திரைய எப்படிச் சாப்பிடுறீங்க?"

மனைவி முந்திக்கொண்டாள். "நாலு இட்லி உள்ள போகாம மாத்திரையக் கையிலயே குடுக்க மாட்டேன் சார். வெறும் வயித்துல போட்டா குடல் புண்ணாயிரும்லா?"

எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இதுதான் சட்டம். காய்ச்சல் மாத்திரைக்குக்கூட ரெண்டு வாய் கஞ்சி குடித்தாக வேண்டும். மருந்துக்கடைக்காரரும் வழக்கம்போலக் கவரில் 'சாப்பிட்ட பின்' என்றுதான் எழுதியிருந்தார்.

டாக்டர் தலையில் கைவைத்தார். இந்த மாத்திரையை வெறும் வயிற்றில்தான் போட வேண்டுமாம். சாப்பாட்டோடு போனால் ஒரு பங்கு உடம்பில் சேராதாம். "இதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். மாத்திப் பார்ப்போம்" என்றார். அக்காவிடம் திரும்பி, "நீங்க எப்பம்மா சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

"விடியுமுன்ன. அடுப்புப் பத்த வைக்கதுக்கு முன்னால."

"ரொம்பச் சரி."

வெளியே வந்ததும் மனைவி அழுதுவிட்டாள். "நானே ஒங்களக் கெடுத்துட்டேனே."

"ஒனக்கு மட்டும் இத யாரு சொன்னா அக்கா?" என்று அக்காவைக் கேட்டேன்.

"யாருலே சொன்னா? எனக்கு இந்த நோய் இருக்குன்னே எங்க மாமியா வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சா தட்டு, தம்ளரத் தனியா வச்சிருவாவ. அரிசி டின்னுக்குள்ள ஒளிச்சு வச்சு, எல்லாரும் எந்திரிக்க முன்ன முழுங்கிருதேன்." மனைவியின் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். "அழாதட்டி. சாப்பிட்டியான்னு கேட்டு மாத்திரை குடுக்க எனக்கு ஒரு ஆளு உண்டா?"

 

இப்போது காலையில் எழுந்ததும் மாத்திரை. ரெண்டு மணி நேரம் கழித்துத்தான் இட்லி. அடுத்த பரிசோதனையில் கிருமி நன்றாகவே இறங்கியிருந்தது. மனைவி சாமி படத்துக்கு முன்னால் விழுந்து எழுந்தாள். நான் உடனே அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எறங்கிட்டு!"

"நெசமாவாலே? ஏ தாயே, இப்பத்தான் எனக்கு உசுரே வருது..." சட்டென்று குரல் தணிந்தது. "வச்சிருதேன்லே. அத்தை வாராவ."