ஈரப் படியில் செருப்புத் தடம்

அந்த ஐந்து மாடிக் கட்டடம் படிக்கட்டு கழுவுகிறவளுக்கு வந்து சேர்ந்தது என்றால் யார்தான் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. மேல்மாடியில் தனியாகக் கிடந்த முதலாளி வாயைத் திறந்தால் வசவுதான். “யார் வீட்டுப் படின்னு நெனச்சே?” என்று அவர் கத்தாத நாளில்லை. படுக்கையில் விழுந்தபோது அவருக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் இவள் ஒருத்திதான். அந்த மனிதர் எல்லாவற்றையும் இவள் பேருக்கு எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடினார்.

வக்கீல் கொடுத்த சாவிக்கொத்தை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். மறுநாள் காலையில் கை தானாக வாளியைத் தேடியது. மேலிருந்து கழுவிக்கொண்டே இறங்கி வந்தவள், கீழே பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். குடியிருப்பவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு படி காயக் காத்திருந்தார்கள். அவள் விரலை மிதித்துக்கொண்டு ஏறும் பேங்க் ஆபீசர்கூட வணக்கம் சொன்னார். பணம் என்ன மாயமெல்லாம் செய்கிறது! அவளுக்கு மெய்சிலிர்த்தது. சும்மா சொல்லக்கூடாது, இனிக்கவும் செய்தது.

முன்பெல்லாம் ஈரப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவள் மூன்றாம் மாடித் தையல்காரி மட்டும்தான். இருவரும் ஒரே டீயைப் பாதியாகப் பகிர்ந்து குடிப்பவர்கள். அன்றைக்குப் பார்த்து, தைத்த துணிகளைக் கொடுக்கும் அவசரத்தில், தையல்காரி செருப்போடு தடதடவென்று இறங்கி வந்தாள்.

“யார் வீட்டுப் படின்னு நெனச்சே?”

கத்தியது தான்தான் என்று புரிய இவளுக்குச் சற்று நேரமாயிற்று. செத்தவரின் குரல் தன் தொண்டையில் எப்போது வந்து உட்கார்ந்தது?

தையல்காரி பாதிப் படியில் நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது. செருப்பைக் கழற்றினாள். தோள்துண்டை எடுத்துத் தன் தடத்தைத் தானே துடைக்கக் குனிந்தாள்.

“தொடச்சிடறேங்க” என்றாள். எப்போதும் சொல்லும் அக்கா என்ற சொல்லைக் காணோம்.

இந்த ஒருத்தியும் போய்விட்டால், கட்டடம் முழுக்க ஆள் இருந்தும் தனக்கென்று யார் இருக்கிறார்கள்? கழுவிய படியில் ஒருநாளும் செருப்போடு கால் வைக்காதவள், வாசலில் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டாள். எல்லோரும் பார்க்க, சதக் சதக்கென்று அழுக்குத் தடம் பதித்துக்கொண்டே மேலே ஏறினாள். தோழியின் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினாள்.

“கட்டடம் வேணாம்னு நான் சொல்லல. ஆனா, நீ அக்கான்னு கூப்பிடு.”

தையல்காரி இவள் செருப்பையும் படியில் பதிந்த தடங்களையும் பார்த்தாள்.

“எவ்வளவு அழுக்கு பண்ணியிருக்கே, அக்கா” என்றாள்.