ஷுக்ரிக்கு அவசரமில்லை

அய்ன் சுமாக் ஊர்க்காரர்கள் ஊர் திரும்ப ஒரே ஒரு வழிதான் இருந்தது. செத்துப்போக வேண்டும். உயிரோடு இருப்பவர்களுக்கு அனுமதி கிடையாது, பிணத்துக்கு உண்டு. இதைப் பெரிய தாராளம் என்று வேறு அதிகாரிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தெட்டில் பட்டாளம் வந்து, இரண்டு வாரம் வெளியே இருங்கள், சண்டை ஓய்ந்ததும் வரலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றியது. நம்பி ஏறினார்கள். சண்டை ஓய்ந்தது, யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு ஒரு குளிர்காலக் காலையில் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். மாதா கோயிலும் அதன் பின்னாலிருந்த கல்லறைத் தோட்டமும் மட்டும் மிஞ்சின. வருஷக்கணக்கில் வழக்கு, மனு என்று அலைந்து அலைந்து கிடைத்த சலுகைதான் இது. புதைக்கலாம், ஆனால் பொழுது சாய்வதற்குள் எல்லோரும் கிளம்பிவிட வேண்டும். குழி வெட்டுகிற ஆள் மட்டும் வேலை முடியும்வரை இருக்கலாம்.

அந்த ஆள் ஷுக்ரி. ஹைஃபா நகரத்தில் கொத்தனார். ஊரைவிட்டு வந்தபோது அக்கா லபீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு லாரியேறிய சின்னப் பையன், இப்போது தலை நரைத்துவிட்டது. ஊர்க்காரர் யார் செத்தாலும் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு முதலில் கிளம்புவார். பிணம் ஆஸ்பத்திரிக் குளிர் அறையில் காத்திருக்கும். அரைநாளில் முடிகிற வேலையை ஷுக்ரி மறுநாள் சாயங்காலம்வரை இழுப்பார். ஏன் என்று அங்கே ரோந்து வரும் காவலர் கேட்டால் பாறை என்பார்.

பாறையும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்த ஒன்றரை நாள்தான் அவர் ஊரில் குடியிருந்த காலம். அப்பா வீட்டில் மிஞ்சியிருந்தது வாசற்படி ஒன்றுதான். அதைப் பெருக்குவார். சட்டையை அத்திமரத்தில் காயப்போடுவார். படியில் உட்கார்ந்து காப்பி போட்டுக் குடிப்பார். பொழுது சாய்ந்தாலும் விடிந்தாலும், ஆளே இல்லாத அந்த ஊரில் ஆடுகளை யாரோ அதட்டி ஓட்டுகிற சத்தம் கேட்கும், பக்கத்து வீட்டுப் பக்கம் ஒரு கிழவர் இருமுவார். ஷுக்ரிக்கு அதில் பயமே இல்லை. அந்தச் சத்தம் நின்றுபோனால்தான் பயம்.

லபீபாவுக்குப் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் கைவிரித்த அன்று, தம்பியைக் கூப்பிட்டுக் கட்டிலருகே உட்காரவைத்தாள்.

"ஏண்டா, ஒரு குழி வெட்ட உனக்கு மட்டும் எப்படி ரெண்டு நாள் ஆகுது?"

"பாறைக்கா."

"யார்கிட்ட? சின்ன வயசுல பொய் சொன்னா உன் காது செவக்கும். இப்பவும் செவக்குது பாரு."

ஷுக்ரி சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் சொன்னார். இருமல் சத்தத்தையும் விடவில்லை.

"அப்ப என் குழிய இப்பவே வெட்டு. நானும் வரேன். ஒரு ராத்திரி அங்க படுத்து எந்திரிக்கணும். செத்தப்புறம் தூக்கிட்டுப் போனா நான் என்னத்தப் பாக்கப்போறேன்?"

"உயிரோட இருக்கிறவங்களுக்குக் குழி வெட்ட விடமாட்டாங்கக்கா. மாட்டிக்கிட்டா அப்புறம் என்னையும் உள்ள விடமாட்டாங்க."

"நல்லதுடா. நான் பொணமா வந்தாத்தான் உனக்கு வசதி."

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் காலையில் அவளைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

மத்தியானம் குழி இடுப்பளவு இறங்கியிருந்தபோது காவலர் வந்துவிட்டார். "யாரு செத்தது, ஷுக்ரி அண்ணே?"

மண்மேட்டில் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த லபீபா, "நான்தான் தம்பி" என்றாள்.

"என்னம்மா சொல்றீங்க?"

"நாளு கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். நம்பிக்கை இல்லன்னா டாக்டரக் கேட்டுக்க. காப்பி குடிக்கிறியா?"

காவலர் அவளுடைய முடியில்லாத தலையையும் குச்சிக் கைகளையும் பார்த்தார். கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்தார். "நாளைக்கு நான் வரும்போது இங்க யாரும் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோயிலுக்குள் படுத்துக்கொண்டார்கள். விடிந்து ஷுக்ரி கண் விழித்தபோது பக்கத்தில் அக்காவைக் காணோம். பதறி ஓடினார். அவள் வீட்டு வாசற்படியில், கையில் ஒரு தகரத் தட்டோடு, முள் மண்டிக் கிடந்த பக்கத்து மனையைப் பார்த்து நின்றிருந்தாள்.

"உம்மு நிமிர், அடுப்புல தணல் இருக்கா? அம்மா வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

சிறுமியாக இருந்தபோது தினமும் காலையில் பக்கத்து வீட்டு உம்மு நிமிர் என்பவளிடம் தணல் வாங்கி வருவதுதான் அவளுக்கு வேலை. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஷுக்ரியும் காத்திருந்தார். இத்தனை வருஷமாகத் தவறாமல் சத்தம் கொடுத்த ஊர், அன்றைக்குப் பார்த்து வாயே திறக்கவில்லை. இருமல்கூட இல்லை. அவருக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேடா."

"வர்றாங்கக்கா. தணல் எடுத்துட்டு வர்றேன்னு சொல்றாங்க."

லபீபா திரும்பி அவர் காதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "சரி, வரட்டும்" என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் ஏறும்வரை எழுந்திருக்கவில்லை.

ஆலிவ் பறிப்பு தொடங்குவதற்கு முன்பே அவள் போய்விட்டாள். குழி தயாராக இருந்ததால் அடக்கம் சீக்கிரமே முடிந்தது. பாதிரியார் கிளம்பினார், ஊர்க்காரர்கள் வந்த பஸ்ஸும் போய்விட்டது. ஷுக்ரி மட்டும் அக்காவின் மண்மேட்டுக்குப் பக்கத்தில் கடப்பாரையால் கோடு கிழித்துக்கொண்டிருந்தார்.

"குழிதான் அன்னைக்கே வெட்டியாச்சே. கிளம்புங்கண்ணே" என்றார் காவலர். பிறகு கோட்டைப் பார்த்தார். "இது யாருக்கு?"

"எனக்கு."

"உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கீங்க?"

"அதான் அவசரமில்ல தம்பி. மெதுவா வெட்டிக்கிறேன்."

காவலர் வண்டியேறிப் போனார்.

பொழுது சாய்ந்தபோது பக்கத்து வீட்டுப் பக்கம் கிழவர் இருமினார். அதற்குப் பின்னால், ஒரு சிறுமி தணல் கேட்கிற குரல் வந்தது. ஷுக்ரி கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு யாராவது பதில் சொல்கிறார்களா என்று காது கொடுத்துக்கொண்டு நின்றார்.