கம்ப்யூட்டருக்கு மணிக்குப் பத்து நிமிடம்

என் வலது கை வீங்கிய வாரத்தில்தான் அலமேலு அக்காவிடம் முதல்முதலாக வாயைத் திறந்தேன். டத்தோ கிராமாட் வட்டாரத்தில் அவருக்கு ஏழு லாரி, ஓர் ஆபீஸ். தொண்ணூறுகளின் தொடக்கம். பச்சை எழுத்துக் கம்ப்யூட்டர் ஒன்று புதிதாக வந்திருந்தது. காலையிலிருந்து மாலைவரை டெலிவரி ஆர்டர்களை அதில் ஏற்றுவது என் வேலை. அந்த வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் மூன்று மாதம் இருந்தது. கையோ பேனா பிடிக்கவே மறுத்தது.

“அக்கா, மணிக்கொரு தடவ பத்து நிமிஷம் கைக்கு ரெஸ்ட் குடுக்கணும்னு டாக்டர் சொல்றாரு.”

“தட்டுறதுக்கு ரெஸ்ட்டா? என் டிரைவருங்க ஜொகூர் வரைக்கும் ஸ்டியரிங் புடிக்கிறானுங்க, ஒருத்தனாவது கேட்டானா? முடியலன்னா சொல்லிரு லா, வேற ஆளு பாக்குறேன்.”

எனக்குச் சுருக்கென்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. பேசிக்கொண்டே கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்த அக்கா, வெடுக்கென்று எடுத்தார்.

“ஐயையோ, என்னடி இப்படிச் சுடுது! லாரியே வழியில தைப்பிங்ல நின்னு ஆறிட்டுத்தான் போகுது. இத நிறுத்தாம ஓட்டுறியா? இஞ்சின் போயிரும்!”

அந்தச் சூடு வழக்கமானது என்று எனக்குத் தெரியும். சொல்வேனா?

“ஆமாக்கா, மத்தியானம் இன்னும் சுடும்,” என்றேன்.

அன்றே உத்தரவு வந்தது. மணிக்குப் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை அணைத்து வைக்க வேண்டும். என் மேசை விசிறியும் அதன் பக்கம் திரும்பியது. வேர்வை எனக்கு, காற்று அதற்கு. ஒவ்வொரு மணிக்கும் அக்கா வந்து, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போல அதைத் தொட்டுப் பார்த்து, “பாவம்” என்பார். நான் பக்கத்தில் கையை மடியில் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஏன் சும்மா இருக்கிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வண்டி நின்றால் டிரைவரும் நிற்கத்தானே வேண்டும்? வீக்கம் மெல்ல வடிந்தது.

இரண்டு மாதம் கழித்து சர்வீஸுக்கு ஒரு சீன டெக்னீஷியன் வந்தார். கம்ப்யூட்டர் ஓய்வெடுக்கிறது என்று கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார். நாள் முழுக்க ஓடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது என்று மலாய் மொழியில் விளக்கிவிட்டுப் போனார். படுபாவி!

மறுநாளிலிருந்து ஓய்வு ரத்து. ஒரே வாரத்தில் கை பழையபடி வீங்கிவிட்டது. இனி எப்படியும் வேலை போகத்தான் போகிறது, உண்மையையாவது சொல்லிவிட்டுப் போவோம் என்று அக்காவின் மேசைமேல் கையை வைத்தேன்.

“தொட்டுப் பாருங்கக்கா.”

ரேடியேட்டரைத் தொடுவதுபோல் புறங்கையால் தொட்டார். முகம் மாறியது. “சுடுதே!”

“ரெஸ்ட் வேண்டியிருந்தது இதுக்குத்தான். கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.”

“அடி கள்ளி! ரெண்டு மாசம் அந்த டப்பாவப் போயி தடவிக்கிட்டு இருந்தேனே!”

திட்டி முடித்துவிட்டு, லாரி சர்வீஸ் புத்தகத்தை இழுத்தார். கடைசி லாரிக்குக் கீழே என் பெயரை எழுதினார். பழுது: வலது கை. குறிப்பு: மணிக்குப் பத்து நிமிடம் நிறுத்தவும். சீல் வேறு வைத்தார்.

அந்த மாதக் கடைசியில் என் வேலை நிரந்தரமானது. அந்தப் பத்து நிமிடத்தைப் பொய் சொல்லி எடுத்தபோது நாற்காலியைவிட்டு அசைந்ததே இல்லை. ஏட்டில் ஏறிய பிறகு நிம்மதியாக எழுந்து நடந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஓய்வை நேராகக் கேளுங்கள், கேட்டதை எழுதி வாங்குங்கள்.

எழுதி வாங்கினால் சில்லறைத் தொல்லைகள் வரும். அக்கா எழுதிய மறுவாரமே மெக்கானிக் அண்ணன் புத்தகத்தைப் புரட்டிக் குழம்பிப்போனார்.

“அக்கா, இதுல ஒரு வண்டிக்கு நம்பர் பிளேட்டு இல்லையே. எங்க நிக்குது?”

அக்கா தலைநிமிராமல் என் பக்கம் கைகாட்டினார்.

“அந்தா உக்காந்திருக்கு. நல்ல வண்டி. நிறுத்தி நிறுத்தி ஓட்டணும்.”