ரமழான் மாதத்துப் பகல் சோறு

நோன்பு பிடிப்பதில் எனக்குப் பெரிய பெயர். என் வயிற்றைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் முகத்தை வாட்டமாக வைத்துக்கொள்வதில் எனக்கு அவ்வளவு தேர்ச்சி. உண்மையில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கூடிவிட்டது, இனி நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லி மூன்று வருடமாகிறது. மாத்தளை டவுனில் உள்ள என் கடையில், மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்து பணிஸ் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு பின்னேரம் அஸர் தொழுகைக்குப் போவேன்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. போன வருடம் திங்களும் வியாழனும், கடமையில்லாத சுன்னத்தான நோன்பு பிடிக்கத் தொடங்கினாள். பிறகு செவ்வாயும் சேர்ந்தது. பள்ளிவாசலில் நான் அதைச் சொல்லாத ஆளில்லை. நோன்பு திறக்கும்போது ஒரு பேரீச்சம்பழத்தோடு அவள் எழும்பிப் போனதையும், சட்டைகள் தொளதொளத்ததையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன். ஒரு நாள் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவளோடு நெடுநேரம் தனியாகப் பேசிவிட்டு வந்தார்.

"இது பக்தி இல்லீங்க. சாப்பாட்டுக்குப் பயப்படுற வருத்தம். இந்த ரமழான்ல நோன்பு வேணாம். ஒரு ஆள் பக்கத்துல இருந்து அவங்களோட சேர்ந்து சாப்புடணும். அவங்க உடம்பைப் பத்தி ஒரு பகிடியும் கேலியும் கூடாது."

கடைசி வசனம் எனக்குத்தான். என் பகிடிச் சரக்கில் பாதி அன்றே போய்விட்டது.

நோயாளிக்கு விலக்கு உண்டு என்று மௌலவியும் சொன்னார். மகள் அழுதாள்.

"நான் நல்லாச் செய்ற ஒரே விஷயம் இதுதான் வாப்பா. இதுவும் இல்லாட்டி நான் எதுக்கு?"

அதற்குச் சொல்ல மிச்சமிருந்த பாதிச் சரக்கிலும் ஒன்றும் அகப்படவில்லை.

முதல் நோன்பன்று பகல், ஜன்னல் திரைகளை இழுத்து மூடிவிட்டு, மனைவி சமைத்து வைத்ததை இரண்டு பீங்கான் தட்டில் போட்டேன்.

"ஏன் ரெண்டு?"

"எனக்கும்தான். மூணு வருஷமா நான் நோன்பு பிடிக்கல்ல, மகள். கடையில ஒளிச்சுத் தின்டேன்."

"மிளகு மூட்டைக்குப் பின்னால."

"உனக்கெப்படித் தெரியும்?"

"சட்டையெல்லாம் பணிஸ் தூள். உம்மாக்கும் தெரியும். வாப்பா பாவம் எண்டுதான் நாங்க சொல்லல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. அன்று சில வாய் சாப்பிட்டாள்.

எல்லா நாளும் அப்படி இல்லை. சில நாள் சோறு ஆறிப்போகும். கண்ணீர் மட்டும் வரும். அப்படி ஒரு நாள் நான் சீனி மாத்திரையைப் போட்டுவிட்டு, சாப்பிடாமல் அவளுக்காகக் காத்திருந்து, சீனி இறங்கி வியர்த்துப்போனேன். ஓடிப்போய்ச் சீனி போட்ட பிளேன்டீ கொண்டுவந்தாள். கிளினிக்கில் டாக்டரம்மா எனக்கு நன்றாக ஏசினார்: "உங்க வருத்தத்தக் காட்டி அவங்களப் பயப்படுத்தாதீங்க." காட்டவில்லை, அது தானாகத்தான் வந்தது என்றேன். அவர் நம்பவில்லை. என் பெயர் அப்படி.

அதன்பின் சீனி பார்க்கும் மெஷின் மகளின் கைக்குப் போனது. "கைய நீட்டுங்க, கள்ளன்!" விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் இரண்டு பேருக்கும் சோறு.

பெருநாள் காலையில் எனக்கென்று மூடி வைத்த இனிப்பு வட்டிலாப்பத்தைக் காணவில்லை. மகள் அடுப்படி வாசலில் நின்று கிண்ணத்தை வழித்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ட பங்கு!"

"உங்களுக்குச் சீனி கூடும். நான் எதுக்கு எண்டு இன்னும் தெரியல்ல வாப்பா. இப்போதைக்கு இதுக்கு."

கிளினிக்குக்கு இன்னும் போகிறோம். ஆனால் அன்று அவள் வழித்துத் தின்ற காலிக் கிண்ணத்தை நான்தான் கழுவினேன், ஆசைக்கு இரண்டு தடவை.