முத்திரை வாங்கிய வசனம்

துபாயில் ஒரு விளம்பரப் படக் கம்பெனிக்கு முப்பது வருடம் விசா, அனுமதி வேலைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கவுன்ட்டரில் எந்தத் தாளை முதலில் நீட்ட வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. வேறெதுவும் பெரிதாகத் தெரியாது.

எங்கள் டைரக்டர் எகிப்துக்காரர். கெய்ரோவில் ஆவணப்படம் எடுக்கப் படித்துவிட்டு, பதினைந்து வருடமாக ஃப்ரிட்ஜ் விளம்பரம் எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் முதலாளி மனமிரங்கி ஒரே ஒரு நாளுக்குக் கேமராவைக் கொடுத்தார். அபுதாபியின் முசஃபா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் அறந்தாங்கி வெல்டர் ஒருவரைப் பற்றிய படம்.

"இதுவும் கைவிட்டுப் போனால், உஸ்தாத், நான் ஃப்ரிட்ஜுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவேன்" என்றார், என்னை மரியாதையாக உஸ்தாத் என்றே கூப்பிடுபவர்.

அனுமதிப் படிவத்தில் 'வசனம்' என்றொரு கட்டம் இருந்தது. ஆவணப்படத்தில் வசனம் ஏது என்று அவர் கத்தினார். கட்டம் காலியாக இருந்தால் கோப்பு திரும்பி வரும் என்றேன். வெல்டர் என்ன பேசுவார் என்பதை நானே இரண்டு பக்கம் எழுதினேன். 'இரும்புக்கும் இரும்புக்கும் நடக்கும் திருமணமே வெல்டிங்' என்று ஆரம்பம். பக்கத்துக்குப் பக்கம் முத்திரை விழுந்தது. விதிப்படி ஒரு தமிழ்ப் பிரதியை வெல்டருக்கும் அனுப்பிவைத்தேன்.

படப்பிடிப்பன்று அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்று, பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி போல இரும்புத் திருமணத்தை ஒப்பித்தார். டைரக்டருக்குத் தமிழ் தெரியாது, முகத்தைப் படிக்கத் தெரியும்.

"மாஃபி, மாஃபி! இது வேண்டாம், இயல்பாகப் பேசச் சொல்லுங்கள்."

"தம்பி, மனசுல உள்ளதைச் சொல்லுப்பா" என்றேன் வெல்டரிடம்.

"மனசுல உள்ளதுக்கு சீல் இருக்கா சார்?"

"அதுக்கெல்லாம் வேணாம்."

"நீங்கதானே போன் போட்டு ஒரு எழுத்து மாறக்கூடாதுன்னீங்க? நாளைக்கு எவனாச்சும் கேட்டா யாரு பதில் சொல்றது, விசா குடுத்த கபீலா, நீங்களா?"

"நான் சொல்றேன்."

"நீங்க ரிட்டையராகிப் போயிருவீங்க. எம்மக பொறந்தப்ப லீவு எழுதிக் குடுத்தேன். சீல் இல்லன்னு திருப்பிட்டாய்ங்க. எட்டு மாசம் கழிச்சுத்தான் புள்ள மொகத்தப் பாத்தேன். என்னயப் பாத்து வீல்னு அழுதுச்சு. அதுலேர்ந்து சீல் இல்லாம நான் வாயத் தொறக்குறதில்ல சார்."

கோப்பை இந்தக் கக்கத்திலிருந்து அந்தக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

கேமரா நிற்கவே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. நடந்த பேச்சை டைரக்டருக்கு வரிக்கு வரி சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கலாஸ், முடிந்தது, படம் கிடைத்துவிட்டது" என்றார்.

கிடைத்ததுதான், ஆனால் அனுமதியில் அந்த வசனம் இல்லை. நானும் இல்லை. வெல்டரோ சீல் இல்லாமல் அதைக் காட்ட ஒத்துக்கொள்ளவில்லை. எனவே திருத்தப் படிவம் எடுத்து, வசனக் கட்டத்தில் எங்கள் சண்டையை எழுத்து மாறாமல் நிரப்பினேன், என் அசட்டுத்தனம் உட்பட.

கவுன்ட்டர் அதிகாரி இரண்டு தடவை படித்தார். "பழைய எழுத்தாளரை மாற்றிவிட்டீர்களா? நல்லது" என்று ஓங்கிக் குத்தினார் முத்திரையை.

டைரக்டர் அங்கேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நான் விதிப்படி வெல்டருக்கு ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இதையும் மனப்பாடம் பண்ணணுமா சார்?"